அஞ்சு பேருக்கு மட்டும்

“பாஸ்வேர்டு ஆப்பை ஒரே தடவை காசு கட்டி வாங்குனா காலத்துக்கும் நம்முதுங்கப்பா. ஆனா உங்க போன்ல மட்டும்தான் இருக்கும். சந்தான்னா வருஷா வருஷம் கட்டோணும், ஊட்ல அஞ்சு பேரும் வச்சுக்கலாம்” என்றாள் கலைச்செல்வி, கோயம்புத்தூரிலிருந்து.

“காட்டை வெலைக்கு வாங்கறதா, குத்தகைக்குப் புடிக்கறதாங்கற” என்றார் மாரப்பன்.

போன வாரம் யாரோ அவருடைய மெயிலைத் திறந்து பார்த்திருந்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை.

“குத்தகையே இருக்கட்டும் கண்ணு. காசு போனாப் போவுது, நம்ம அஞ்சு பேரைத் தவிர வெளியாளு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.”

“சரிங்கப்பா. மொதல்ல பேங்க் பாஸ்வேர்டைச் சொல்லுங்க, ஏத்தி வச்சுடறேன்.”

மாரப்பன் மெதுவாகச் சொன்னார்.

“கேக்கலீங்கப்பா, சத்தமா!”

“பொன்னாயி! அப்புறம் நாலு, ஏழு, ஒண்ணு... கடைசி நம்பர் மறந்துபோச்சு கண்ணு!”

“எட்டுங்க.”

அந்தக் குரல் போனிலிருந்து வரவில்லை. ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பஸ் ஸ்டாப்தான். அங்கே மாரப்பனைச் சுற்றி செம்மேடு பஸ்ஸுக்காகப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். மிளகு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சின்னாத்தாள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே மேலும் சொன்னாள்.

“போன மாசம் உங்க மவன்கிட்ட நீங்க சொன்னப்பவும் எட்டுதானுங்க. மெயிலுக்குத்தான் ஆறு.”

மற்ற பதினோரு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.