நூறு ரூபாய் கேலரி

டிக்கெட் நூறு ரூபாய் என்றதும் கல்லூரி கூடைப்பந்துப் போட்டியின் மூன்று மேட்ச்சுக்கு ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. ஃபைனலில் கேலரி நிரம்பி வழிந்தது. கேப்டன் மங்கைக்கு நெஞ்சு விம்மியது. "உனக்காகத்தான்டி மொத்த ஹாஸ்டலையும் இழுத்துட்டு வந்தேன்" என்றாள் அறைத்தோழி ஜெனிட்டா.

இடைவேளையில் ஒரு பேராசிரியை வந்து டிக்கெட் வைத்திருந்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு போனார். கேலரி மொத்தமும் எழுந்தது.

"எங்கடி கிளம்பிட்ட?" மங்கை ஓடிவந்து கேட்டாள்.

"ஃபைனலுக்கு டிக்கெட் எடுத்தா ரெண்டு நாள் அட்டெண்டன்ஸ்னாங்க. போட்டாச்சு. மேட்ச் வேற பாக்கணுமா?" ஜெனிட்டா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

கடைசி விநாடிகள். ஒரு பாயிண்ட் பின்தங்கிய நிலையில் மங்கைக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் கூடையில் விழுந்தால் கோப்பை. எறிய ஐந்து விநாடிதான் அவகாசம்; தாண்டினால் வாய்ப்பு போய்விடும். பந்தைத் தரையில் தட்டினாள். ஒவ்வொரு தட்டலையும் காலி கேலரி கைதட்டலாகத் திருப்பித் தந்தது. மங்கை தட்டிக்கொண்டே இருந்தாள்.