பின்னாடி ஒரு ஸ்கிரீன்

உத்திரமேரூரில் இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கும் ஜெகதீசன், பழைய ஃபிலிம் கேமராவுக்குப் பதிலாக டிஜிட்டல் கேமரா வாங்க, மனைவி மோகனாவோடு காஞ்சிபுரம் கடைக்கு வந்திருந்தார். ஐந்து கேமராக்களைப் பார்த்தும் ஒன்றும் பிடிக்கவில்லை.

"எல்லாத்துலயும் பின்னாடி ஸ்கிரீன் கீதே! ஸ்கிரீன் இல்லாம ஒண்ணு குடுங்க" என்றார்.

"எடுத்த படத்த அங்கியே பாக்கத்தான சார் ஸ்கிரீனு?" என்றார் கடைக்காரர்.

"அதான் பேஜாரே! கல்யாண வூட்ல மாமன், மச்சான், பங்காளின்னு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. அத்தினி பேருக்கும் ஃபிலிம் போட்டா கட்டுப்படி ஆவுமா? வெறும் ஃப்ளாஷ் மட்டும் அடிச்சி அனுப்பிடுவேன். இதுல உடனே காட்டுன்னு கேப்பாங்களே!"

மோகனா மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"என் தங்கச்சி கல்யாணத்துல, எங்கம்மாவ விதவிதமா நிக்க வச்சி பத்து ஃப்ளாஷ் அடிச்சீங்களே... அப்பறம் ரோல்ல வெளிச்சம் பூந்துடுச்சின்னு சொன்னீங்களே?"

ஜெகதீசன் கையிலிருந்த கேமராவை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

மோகனா கடைக்காரரிடம் சொன்னாள்:

"இருக்கறதுலயே பெரிய ஸ்கிரீனா எடுங்கண்ணா. சின்னதா இருந்தா எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது. இங்கிருந்து நேரா அவங்க வூட்டுக்குத்தான் போறோம்!"