நனைந்த ஜெர்சி

சீசனுக்கு முன்னால் ஒவ்வொரு கபடி வீராங்கனையின் உடல் சமநிலையையும் நினைவாற்றலையும் சோதித்துக் குறித்துவைப்பேன். பிறகு தலையில் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவுகோல். இசக்கியம்மாள் தொப்பலாக நனைந்து வந்தாள். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றதுமே சாய்ந்தாள். நான் சொன்ன ஐந்து வார்த்தைகளில் ஒன்றைத்தான் திருப்பிச் சொன்னாள்.

“கிரவுண்டைச் சுத்தி ஓடிட்டு நேரா வாரேன் டாக்டர். களைப்பு. இதையே எழுதிக்கோங்க.”

ஓடிக் களைத்தால் தள்ளாடும்தான். ஆனால் நான் கேட்குமுன் இவள் ஏன் சொல்கிறாள்? மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நிதானமாக இருந்தது. மூச்சு இரைக்கவில்லை. ஜெர்சி சில்லென்றிருந்தது. அதில் வியர்வை வாடையே இல்லை. குழாய்த் தண்ணீரின் பிளீச்சிங் பவுடர் வாடைதான். ஓடாமலே தள்ளாடுகிறாள் என்றால் தலையில் ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது; இதையே அளவுகோலாக எழுதிவிட்டால் அது தெரியாமலே போய்விடும்.

“எப்போ அடிபட்டுச்சு?”

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே கோச் ஈரக் கைகளைப் பேண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.