ஒன்பதாவது பூச்சு

மலேசியாவின் ஸ்கூடாயில் தாம் வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் சுவரில் பூஞ்சை படர்ந்தால், அதன்மேல் வெள்ளைச் சாயம் பூசிவிடுவது ஏரம்பமூர்த்தியின் வழக்கம். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த வேலை தவறாது நடக்கும். எட்டு ஆண்டுகளில் எட்டுப் பூச்சுகள் ஏறியிருந்தன.

“அங்கிள், இந்தப் பூஞ்சையாலதான் என் மக லோஷினிக்கு மூச்சு இழுக்குதாம். சுரண்டி எடுத்துட்டு, ஒழுகுற பைப்ப மாத்துங்க,” என்றாள் அங்கே குடியிருந்த பிரேமளா.

“அலமாக், சாயம் அடிச்சா போயிடும்லா! நீங்க பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்காம இருங்க,” என்று சிரித்தபடி அவர் ஒன்பதாவது பூச்சையும் பூசினார்.

மறுநாள் காலை ஆறு வயது லோஷினி இருமினாள். கைக்குட்டையில் ஈரமான வெள்ளைச் சாயம் இருந்தது. அவள் எதையும் விழுங்கவில்லை என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். நாளுக்கு நாள் சாயம் கூடியது, மூச்சு குறைந்தது.

ஏழாம் நாள், விஷயம் கேள்விப்பட்டு ஏரம்பமூர்த்தி சுரண்டும் தகட்டோடு வந்து நின்றார். “தப்பு என்னுதுதாம்மா,” என்றார்.

மேற்பூச்சு உதிர்ந்ததும் பிள்ளையின் மூச்சு சற்றே சீரானது. ஆனால், கட்டிலில் கிடந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

“வலிக்குது தாத்தா... மெதுவா.”

இன்னும் எட்டுப் பூச்சுகள் இருந்தன. அவர் மெதுவாகச் சுரண்டினார்.