எங்கிருந்து அந்தச் சத்தம்

இதய சிகிச்சைக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணம் கிளம்ப இன்னும் இரண்டே நிமிடம். காலை வெயில் நூறு ஹேண்டில்பார்களில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. மெக்கானிக் ஒரு சைக்கிளின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தும் டிக் டிக் ஓயவில்லை. செயினருகே காதை வைக்கிறார். "சக்கரம் நின்னுடுச்சு, சத்தம் நிக்கலையே சார்! எப்படி அனுப்புறது?" சீட்டில் இருப்பவர் சிரிக்கிறார். "வால்வுதான். புதுசா மாத்தினது." பழக்கதோஷத்தில் டயர் வால்வுக்குப் போன மெக்கானிக்கின் கை பாதியில் நிற்கிறது, கண் மெல்ல சீட்டில் இருப்பவரின் நெஞ்சுக்கு ஏறுகிறது. பக்கத்தில் அவர் மனைவி ஹெல்மெட் வாரை மூன்றாம் முறையாக இறுக்குகிறாள். "ஆறு மாசமா இதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்குறேன்." விசில் ஒலிக்கிறது. நூறு சைக்கிள்களின் இரைச்சல் அவரை அள்ளிக்கொண்டு போகிறது. தெரு காலியான பிறகும், பேச வாயெடுத்த மெக்கானிக்கைக் கையமர்த்திவிட்டு, அவள் காதைத் தீட்டிக்கொண்டே நிற்கிறாள்.