மூலை வீட்டு விதி

போர்களெல்லாம் இப்போது கணினி விளையாட்டில்தான் நடக்கின்றன. அதில் விழுந்த வீட்டை மட்டும் மாலை ஆறு மணிக்குள் நிஜத்திலும் இடித்துவிட வேண்டும் என்பது இரு தரப்புக்கும் ஒப்பந்தம்.

நகரத் தாக்குதலுக்குக் கையேடு எழுதிய மேதை, தலைமை உத்தியாளர் இருதயராஜ். "தெருவுக்குள் நுழையுமுன் வலது மூலை வீட்டைத் தகர்த்துவிடு" என்பது அதன் முதல் விதி. அந்த ஒரு வரிக்கே பதினாறு சால்வை வாங்கியிருக்கிறார்.

அன்று எதிரி பிடித்திருந்தது பாளையங்கோட்டையில் அவர் குடியிருந்த தெருவை. வலது மூலையில் இருந்தது அவருடைய சொந்த வீடு.

"குறி வச்சாச்சு சார், அடிச்சிரலாமா?" என்றாள் பீரங்கியை இயக்கும் மெஹர்.

"இரும்மா. இடது மூலையை அடி."

"கையேட்டுல வலதுன்னுல்லா போட்டிருக்கு?"

"எழுதினவனுக்குத் திருத்தத் தெரியாதா? களத்துக்குக் களம் உத்தி மாறும்."

மெஹர் அடித்தாள். தெரு மீண்டது. அறையே எழுந்து நின்று கைதட்டியது.

ஆறரை மணிக்கு யாரோ அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இடது மூலை வீட்டுச் செல்லக்கனி, இரண்டு பிள்ளைகளோடும் ஒரு குக்கரோடும் நின்றாள்.

"உங்க வீடாவது தப்பிச்சுதே அண்ணாச்சி" என்றாள். "ரெண்டு நாளைக்கு இங்க இருந்துக்கிடலாமா?"