கேடயம் எடுக்க ஆளில்லை

"மறுபடியும் கோடரியா?"

தலைவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆமா தலைவரே" என்றாள் ஹெட்போனுக்குள் நர்ஸ், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இணையத்தில் ஆடுகிற இந்த விளையாட்டில் ஆளுக்கொரு வேடம் எடுக்க வேண்டும். கேடயக்காரர் முன்னால் நின்று அத்தனை அடியையும் வாங்குவார். கோடரிக்காரர் வெட்டுவார். வைத்தியர் காயம் ஆற்றுவார். வில்லாளி எட்ட நின்று அம்பு விடுவார். அவ்வளவுதான் சங்கதி. இதைக்கூட ஒழுங்காகப் பிரித்துக்கொள்ளத் தெரியாத ஒரு டீம் அவருக்கு வந்து வாய்த்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"ஏம்மா, நீ நிஜத்துலயே நர்ஸ். வைத்தியர் வேடம் உனக்குன்னே செஞ்சு வெச்சிருக்கான். அதை எடுத்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

"நாள் பூரா கட்டுப் போட்டு, ஊசி போட்டு, பேச்சும் வாங்கிட்டு வரேன் தலைவரே. இங்கயாவது நாலு பேரை வெட்டிக்கிறேனே!"

"கறிக்கடைக்காரரே, நீங்களாவது கோடரியை எடுக்கக் கூடாதா? உங்க கைக்குப் பழகினதுதானே? வைத்தியராம் வைத்தியர்! போன தடவை நான் சாகக் கிடக்கிறேன், நீங்க ஏதோ ஒரு கழுதைக்கு மருந்து போட்டுட்டு இருக்கீங்க."

"அது நொண்டிச்சு தலைவரே, பாவமா இருந்தது" என்றார் கறிக்கடைக்காரர். "விடிஞ்சதுலேருந்து வெட்டிக்கிட்டே இருக்கேன். சாயங்காலம் ஒரு உசிரையாவது காப்பாத்தினாத்தான் சோறு இறங்குது."

"நல்லா இருக்குய்யா நியாயம்! அவங்கவங்க இஷ்டத்துக்கு எடுத்தா இது டீமா, சந்தையா? டீமுக்கு எது தேவையோ அதை எடுக்கணும். பொதுநலம்னு ஒண்ணு வேண்டாமா?"

சொல்லிக்கொண்டே தலைவர் வழக்கம்போல வில்லை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்த டீச்சர், கிடைத்த வாளை எடுத்தார். கேடயம் எடுக்க அனுபவம் வேண்டும், புது ஆளுக்குத் தர மாட்டார்கள். ஆகக் கேடயம் சீந்துவாரில்லாமல் கிடந்தது.

அப்புறம் என்ன, கல்பூதம் வந்தது. முன்னால் நின்ற நர்ஸை ஒரே உதையில் தூக்கி எறிந்தது. கறிக்கடைக்காரர் மருந்துப் பையோடு அங்குமிங்கும் ஓடினார். டீச்சர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் செத்துப்போனார். பாறைக்குப் பின்னாலிருந்து "வலது பக்கம்! ஐயோ, வலது பக்கம்!" என்று கத்திய தலைவரும் கடைசியில் போய்ச் சேர்ந்தார்.

போட்டியில் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. அதிலும் தோற்றால் டீமையே கலைத்துவிடுவார்கள்.

"இந்தா பாரும்மா," தலைவர் பொறுமையை இழந்தார். "அடுத்த ஆட்டத்துக்கு நீ வைத்தியர். முடியாதுன்னா வேற டீம் பார்த்துக்கோ. தண்ணி குடிச்சிட்டு வரேன், அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வா!"

மைக்கை அணைத்து, ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

"ஆபீஸ்ல பேசாததுக்கெல்லாம் சேர்த்து இங்க பேசறீங்களா?" என்றாள் மனைவி.

அவர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். ஆபீஸில் அவருக்கு வாய் ஏது? குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டர் அவருடையது. தண்ணீர் வராவிட்டாலும் அவரைத்தான் பிடித்து உலுக்குவார்கள், கலங்கலாக வந்தாலும் அவரைத்தான். "சரிங்க, பார்க்கறோங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேச அவருக்கு அங்கே அனுமதியில்லை. டீமில் இதையெல்லாம் சொல்லிக்கொள்ளவில்லை. 'ஆபீஸ்ல பெரிய பொறுப்பு' என்று மட்டும் அளந்துவைத்திருந்தார். அவரை மதித்துத் 'தலைவரே' என்று கூப்பிட உலகத்தில் இருந்தது அந்த டீம் ஒன்றுதான். அதையும் இந்தப் பெண் கெடுத்துக் குட்டிச்சுவராக்குகிறாளே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அனுப்பிவிட வேண்டியதுதான். முடிவு கட்டிக்கொண்டு வந்து ஹெட்போனை மாட்டினார். அவர் திரும்பி வந்தது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றாரே, அவரே கேடயம் எடுக்கலாமே?" டீச்சர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "நம்மள்ல அனுபவம் ஜாஸ்தி அவருக்குத்தான். அவர் முன்னாடி நின்னிருந்தா ஜெயிச்சிருப்போம்."

தலைவருக்குக் காது சுட்டது.

"அவர்கிட்ட மட்டும் அதைக் கேட்டுடாதீங்க டீச்சர்" என்று கறிக்கடைக்காரர் அவசரமாகத் தடுத்தார்.

"ஏன், கோபப்படுவாரா?"

"அதுக்கில்ல" என்றாள் நர்ஸ். "எங்க குவார்ட்டர்ஸ்ல தண்ணி வரலைன்னு ஒரு நாள் புகார் கொடுக்கப் போனேன். கவுண்டர்ல இருந்தவர் வாயைத் திறந்ததுமே குரல் தெரிஞ்சுபோச்சு. எனக்கு முன்னாடி நின்ன ஆளு, பாட்டில்ல கொண்டுவந்த சாக்கடைத் தண்ணியை அவர் சட்டை மேலயே ஊத்திட்டான். இவர் துடைச்சுக்கிட்டே 'சரிங்க, பார்க்கறோங்க'ன்னார். எனக்குத் தாங்கல. புகாரே கொடுக்காம திரும்பிட்டேன்."

மைக் பொத்தானுக்குப் போன தலைவரின் விரல் அப்படியே நின்றது.

"அதனால என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும் டீச்சர், அவருக்குத் திட்டறதுக்கு வேற யார் இருக்கா? தோத்தாலும் பரவாயில்ல. பகல் பூரா முன்னாடி நின்னு அடி வாங்கற மனுஷனை, சாயங்காலமும் கொண்டுவந்து முன்னாடி நிறுத்த எங்களுக்கு மனசு வரல."